இரவல் நகையில் நடந்த கல்யாணங்கள்: விலையைக் கொடுத்தது யார்?

வைகைக்கரையாள் (இந்த இணைய விவாத இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம். நிச்சயதார்த்தத்தன்று, தாம்பூலம் மாற்றும் நேரத்தில், யாரும் கேட்காமலேயே என் கணவர் சபையில் "பெண்ணுக்கு அறுபது பவுன் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இருப்பது முப்பத்தைந்து பவுன். மீதி இருபத்தைந்தில் பத்தைத் தன் தம்பி மனைவியிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், பதினைந்தை வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கி எடுத்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். அவர் கெட்டவர் அல்லர், மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அந்தச் சபையில் அவருடைய முகத்தைப் பார்த்தபோது என் அப்பாவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு 1998-இல் திருமணம் நடந்தது. அப்போது பவுன் மூவாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மாப்பிள்ளை வீட்டார், "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். இந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் இரண்டு பொருள் உண்டு என்பதை அறிவேன். ஆனால் அவர்கள் அதை நேர்பொருளில்தான் சொன்னார்கள் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்பாவோ, தன் அண்ணன் அவருடைய மகளுக்கு நாற்பது பவுன் போட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு, தானும் நாற்பது என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது இருபத்திரண்டு. மீதிப் பதினெட்டில் பெரியம்மா பத்துப் பவுனில் ஒரு காசுமாலையும் இரண்டு வளையல்களும் கொடுத்தார். எட்டுப் பவுனைச் சித்தி கொடுத்தார்.

மண்டபத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தபோது, அம்மா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, கிணற்றடியில் சோப்பு நுரையைத் தடவி அந்த இரண்டு வளையல்களையும் கழற்றினார். ஒன்று இறங்கிவிட்டது, மற்றொன்று கட்டைவிரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. முன்கூடத்தில் என் கணவர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்ததால் நான் வாய்விட்டு அழவும் முடியவில்லை. கழற்றிய வளையலை அம்மா முந்தானையில் துடைத்து, அரிசி அளக்கும் படிக்குள் போட்டு, மேலே ஒரு கை அரிசியைத் தூவி மூடிவைத்தார். அந்த அரிசியின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதன் பிறகு புகுந்த வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பொய் சொன்னேன். காசுமாலை அம்மா வீட்டு லாக்கரில் இருக்கிறது, கொக்கி அறுந்து ஆசாரியிடம் கொடுத்திருக்கிறது, வளையல் இறுக்கமாகிவிட்டது என்று பல பொய்கள். அப்பாவோ சொன்ன சொல்லைக் காப்பாற்றியே தீருவதென்று சேமநல நிதியில் கடன் வாங்கினார், ஏலச்சீட்டு கட்டினார், ஒவ்வொரு பவுனாகச் சேர்த்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். 2007-இல் அவர் ஓய்வு பெறும்போது பதினான்கு பவுன் கொடுத்து முடித்திருந்தார். அதற்குள் பவுன் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இடையில் ஒரு தவணை தவறியபோது அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது, 2004-இல் ஏலத்திலும் போய்விட்டது. அம்மா அன்று முதல் மஞ்சள் கயிறுதான் கட்டியிருக்கிறார். கேட்பவர்களிடம் "மஞ்சள் கயிறுதான் மங்களம்" என்பார்.

இதை என் கணவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. சொல்லலாமா, எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

உரைகல்

வணக்கம் அம்மா. நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கணவரிடம் உணர்ச்சியாகப் பேசுவதற்கு முன்னால் கணக்காகப் பேசிப்பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நகை வாங்கும்போது பார்க்கும் கணக்கும் அடகு வைக்கும்போது பார்க்கும் கணக்கும் முற்றிலும் வேறானவை என்பதைப் பெரும்பாலான தகப்பன்மார்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

எளிதாக இருக்கட்டும் என்று சவரன் ஐம்பதாயிரம் என வைத்துக்கொள்கிறேன். சென்னையில் 2024 மார்ச் இறுதியில் அந்த விலை வந்தது, இன்று விலை அதைவிட மிகவும் அதிகம். பதினைந்து சதவீதம் சேதாரம் என்றால் 7,500 ரூபாய். இரண்டையும் சேர்த்த 57,500 ரூபாய்க்கு மூன்று சதவீத ஜி.எஸ்.டி. 1,725 ரூபாய். ஆக, ஒரு சவரன் உங்கள் கைக்கு வரும்போது 59,225 ரூபாய் போயிருக்கும். அதே நகையை மறுநாள் எங்களிடம் கொண்டுவந்தால், நாங்கள் கல்லின் எடை, உள்ளே இருக்கும் அரக்கின் எடை, கோத்த நூலின் எடை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் எடைபோடுவோம். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் எங்கள் தராசில் இடமில்லை. தங்கத்தின் மதிப்பில் எழுபத்தைந்து சதவீதம் கடன் என்றால் 37,500 ரூபாய் கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த விதிகளின்படி, 2026 ஏப்ரல் முதல், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு எண்பத்தைந்து சதவீதம் வரையும், ஐந்து லட்சம் வரையிலான கடனுக்கு எண்பது சதவீதம் வரையும், அதற்கு மேல் எழுபத்தைந்து சதவீதம் வரையும் கொடுக்கலாம். எப்படிப் பார்த்தாலும், உங்கள் கணவர் புதிதாக எடுக்க நினைக்கும் பதினைந்து சவரனில், சேதாரமும் வரியுமாக மட்டும் 1,38,375 ரூபாய் கடையிலேயே தங்கிவிடும். அது எந்த வீட்டுக்கும் திரும்பி வராத பணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடகு வைப்பவர் "இந்த நகை எனக்குச் சொந்தமானது" என்று கையெழுத்திட்டுத்தான் கடன் வாங்குகிறார். இரவல் நகையைத் திருப்பிக் கொடுக்க முடியாமல், கடைசியில் அதையே அடகு வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் வந்து எங்கள் மேசைக்கு முன்னால் நின்று "அது என் நகை" என்று சொல்லும்போது, இரண்டு குடும்பங்களின் ஐம்பது ஆண்டு உறவு அங்கேயே முடிந்துவிடும்.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த இரண்டாவது வாரத்தில் எங்களுக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். மணப்பெண்ணே வருவாள், கையில் மருதாணி மங்கியிருக்காது. சில ஆரங்களில் கடைக்காரர் கட்டிய விலைச்சீட்டின் நூல் கூட அவிழ்க்கப்பட்டிருக்காது. அந்த நூலை நான்தான் கத்தரித்துவிட்டு எடைபோடுவேன். உடன் வரும் தகப்பனார் அப்போது பெரும்பாலும் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஆண்டுதோறும் வந்து வட்டியை மட்டும் கட்டி, அதே நகையைத் திருப்பி வைப்பார்கள். எட்டு ஆண்டுகள் அப்படித் திருப்பி வைத்த ஒரு ஆரத்தை அந்தப் பெண் கல்யாணத்தன்று ஒருமுறை போட்டிருந்தாள், அவ்வளவுதான். அதை அதிகம் கையில் எடுத்தவன் நான்தான்.

கீரமங்கலத்தான்

பெரியவர் உரைகல் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இழை போகிற போக்கில், பெண்ணுக்கு நகை போடுவதே பகட்டு என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்துக் குடும்பப் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமான பங்கு என்பதே தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமானது, அதுவும் அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு இல்லை. நாடு முழுமைக்கும் 2005-இல் வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், 2005-இல் அந்தச் சட்டம் வந்தபோது தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று தெளிவாக்கியது. அதுவரைக்கும், ஏன், இன்றைக்கும்கூட எத்தனையோ ஊர்களில், அண்ணன் தம்பிகள் வயலைப் பிரித்துக்கொள்ள, பெண்ணுக்குக் கிடைத்தது கழுத்தில் போட்டது மட்டும்தான். அவள் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒரே சொத்து அது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியைக் கடந்தபோது, இருபத்தைந்து வயதுத் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. விடிந்து வெளியே வந்தால், வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே வழி தெரியவில்லை. அந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவும், புதிய கன்றுகள் வாங்கவும், கன்று காய்க்கும் வரை வீட்டில் அடுப்பு எரியவும் உதவியது நிவாரணத் தொகையைவிட எங்கள் வீட்டுப் பெண்களின் நகைதான். என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிக் கொடுத்தார். அந்த நகையை நான் இன்னும் முழுதாக மீட்கவில்லை. எனவே நகையைக் குறைவாகப் பேசினால் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அம்மையார் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. புயலில் எங்களைக் காத்தது என் மனைவியின் சொந்த நகை. இரவல் காசுமாலையால் எந்தப் புயலிலும் யாரையும் காக்க முடியாது. அது மண்டபத்தின் விளக்கு வெளிச்சத்துக்காக மட்டுமே வந்த நகை. எங்கள் பக்கம் மொய்விருந்தில் ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் எழுதப்பட்டு, திருப்பிச் செய்ய வேண்டியது என்று ஊருக்கே தெரிந்திருக்கும், அதனால் அதில் ஒளிவுமறைவு இல்லை. இரவல் நகையில் அந்த நோட்டு இல்லை. வாங்கியதே வெளியில் தெரியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அங்கேதான் தவறு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

திருப்பூர் மகள்

அக்கா, நான் இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. தகப்பன்மார்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். ஆசைப்பட்ட பெண் ஒருத்தியும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு 2022-இல் திருமணம் நடந்தது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தர ஆய்வாளராக வேலை செய்தேன், சம்பளம் பதினெட்டாயிரம். என் வீட்டில் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, மாப்பிள்ளை வீட்டிலும் கேட்கவில்லை. கைப்பேசியில் ஒவ்வொரு நாளும் பார்த்த கல்யாணங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. கோயில் நகை செட், ஒப்பனைக்குச் சென்னையிலிருந்து ஆள், மேலே பறந்து படமெடுக்கும் கேமரா, கல்யாணத்துக்கு முன்பே மலைப்பிரதேசத்தில் ஒரு படப்பிடிப்பு என்று எல்லாம் வேண்டும் என்று இருந்தது. அந்தப் படங்களில் இருந்த பெண்ணாக ஒரே ஒரு நாள் இருந்துவிட்டால் போதும், பிறகு என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று நான் மெய்யாகவே நம்பினேன். அண்ணன் தன் பெயரில் நான்கரை லட்சம் தனிநபர் கடன் எடுத்தான்.

அந்த நாள் அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் கடன் தவணை மாதம் பதினோராயிரத்தைத் தாண்டியதால், அண்ணனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் தயங்கி விலகிக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது முப்பத்து நான்கு வயதாகிறது. கடன் முடிய இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. நான் என் சம்பளத்திலிருந்து மாதம் ஐயாயிரம் அனுப்புகிறேன், அவன் வேண்டாம் என்று சொல்வதில்லை. முன்பெல்லாம் ஐம்பது ரூபாய் கொடுத்தால்கூட வாங்கமாட்டான். அந்த மாற்றம்தான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் மகளுக்கு அறுபது பவுன் வேண்டும் என்று ஆசை இருக்கிறதா, இல்லையா என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா அக்கா? அவளுக்கே ஆசை இருக்குமானால் அவளிடமும் உங்கள் வளையல் கதையைச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் அப்படி எதையும் சொல்லவில்லை.

திருச்சி வாசகர்

சுருக்கமாக ஒரு செய்தி மட்டும். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, மணமகளுக்கும் மணமகனுக்கும் தரப்படும் அன்பளிப்புகளுக்குத் தனித்தனிப் பட்டியல் எழுதி, என்ன பொருள், உத்தேச மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்பவற்றைக் குறித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் யாரும் எழுதுவதில்லை. உங்கள் வீட்டில் எழுதுங்கள். பத்துப் பவுன் இரவல் ஆரத்தை அந்தப் பட்டியலில் எந்தப் பெயரில் எழுதுவது என்று உங்கள் கணவர் யோசிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

வைகைக்கரையாள்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. கீரமங்கலத்து ஐயா, உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதும் துணிவு அப்போது இல்லை. என் மகளின் பூப்பு நீராட்டு விழாவுக்கு நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது, காசுமாலை எங்கே என்று நாத்தனார் கேட்டார். நான் வழக்கம்போல லாக்கர் என்று தொடங்கினேன். அப்போது பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையை நிமிர்த்தாமலேயே, "அதை அவள் எடுக்க வேண்டாம், இந்தச் சங்கிலியே போதும்" என்று பேச்சை முடித்துவிட்டார். இரவு எல்லோரும் போன பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். என் திருமணத்துக்கு முந்தைய ஆண்டு, வேறொரு கல்யாணத்தில், பெரியம்மா மகளின் கழுத்தில் அதே காசுமாலையை அவர் பார்த்திருக்கிறார். நடுவில் ஒரு காசு மட்டும் நிறம் மாறி இருக்குமாம். ஆக, நான் மணவறையில் உட்கார்ந்திருந்தபோதே அது இரவல் என்று அவருக்குத் தெரியும். "உன் அப்பாவுக்குத் தலைகுனிவாக இருக்கக்கூடாதே என்று கேட்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்" என்றார். அவர் இப்போது இல்லை.

நான் அன்றிரவு தூங்கவில்லை. அப்பாவின் ஒன்பது ஆண்டுச் சீட்டுப்பணம், தள்ளித்தள்ளிப் போட்ட அவருடைய கண் அறுவைச் சிகிச்சை, அம்மாவின் தாலிக்கொடி எல்லாமே, யாருடைய கண்ணை மறைப்பதற்காகப் போயினவோ அந்தக் கண் முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. அவர் எங்களைக் குறைவாக நினைக்கவும் இல்லை. அப்பாவிடம் இதை நான் சொல்லவே இல்லை, சொன்னால் அவர் தாங்கமாட்டார்.

தங்கை திருப்பூர் மகளே, உன் கேள்வி சரியானது. நேற்று என் மகளிடம் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அறுபது என்று அப்பா சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது" என்றாள். அந்த உண்மைக்காகவே அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றடியையும் சேர்த்து.

உரைகல்

அம்மா, ஒரு வேண்டுகோள். மாற்றாகக் கவரிங் நகை போட்டுவிடலாம், வாடகைக்கு மணப்பெண் நகை எடுத்துவிடலாம் என்று இனி உங்கள் உறவினர்கள் யோசனை சொல்லத் தொடங்குவார்கள். அழகுக்கு என்று வெளிப்படையாகப் போட்டுக்கொண்டால் அதில் தவறே இல்லை, சிதம்பரம் கவரிங்கைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவருகிறோம். ஆனால் சபையில் சொன்ன எண்ணிக்கையை நிரப்புவதற்கு அதைப் பயன்படுத்த ஒப்புக்கொள்ளாதீர்கள். பவுன் என்று சொல்லிப் போட்ட கவரிங்கை, அவசரத்துக்கு அடகு வைக்க மாப்பிள்ளையே எங்களிடம் கொண்டுவந்த சம்பவங்கள் உண்டு. உரைகல்லில் தேய்த்து அமிலம் விடும்போது கோடு மறைந்துவிடும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பணியில் நான் மிகவும் வெறுத்த நேரம் அதுதான்.

வைகைக்கரையாள்

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவரிடம் சொல்லிவிட்டேன். காசுமாலை இரவல் என்றதும் அவர் முதலில் கேட்டது, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்பதைத்தான். தெரியும் என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள்கள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், திருச்சி வாசகர் எழுதிய பட்டியலைப் பற்றிச் சொன்னேன். உரைகல் ஐயாவின் கணக்கையும் மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். கடையிலேயே தங்கிவிடும் அந்த 1,38,375 ரூபாயைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். சபையில் சொன்ன சொல் என்னாவது என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இப்போதும் இல்லை. அவருக்கு அது வலிக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். என் கணவரே பேசினார். "நான் அன்று அறுபது என்று சொன்னது அவசரத்தில் சொன்னது, எங்களிடம் இருப்பது முப்பத்தைந்து" என்றார். சம்பந்தி அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தங்கள் பக்கத்திலும் மண்டபத்தைப் பெரியதாகப் பிடித்துவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவருடைய கணவருக்கு முகம் சற்று இறுகித்தான் இருந்தது. அது எப்படிப் போகும் என்று தெரியவில்லை.

இரவு மகள் ஒரு கோடு போட்ட நோட்டில் பட்டியல் எழுதினாள், ஒவ்வொரு நகைக்கும் எதிரே கிராம் கணக்கும் கொடுத்தவர் பெயரும். எழுதி முடித்ததும் தாத்தாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது, காதும் மந்தம், அதனால் ஒலிபெருக்கியில் போட்டு உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. அவர் குறுக்கிடாமல் கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு, "இதில் இரவல் எதுவும் இல்லையே அம்மா?" என்றார். இல்லை தாத்தா, எல்லாம் நம்முடையதுதான் என்று அவள் சொன்னாள். சரி என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். அதன் பிறகு சிறிது நேரம் அந்தப் பக்கத்தில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.